நெல்லிமரமும் சருகுத்தீயும்

நம் ஊர்ப் பறவைகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்று பூக்கொத்தி. இலைக்கொத்துக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருமே தவிர, ஆளைப் பார்ப்பது கடினம். அதற்குப் பிடித்த தீனி புல்லுருவிப் பழம். பழத்தின் சதை அதன் வயிற்றில் சில நிமிடங்களில் கரைந்துவிடும். விதை மட்டும் பசையோடு பின்வழியே வரும். பசையால் அது தானாகக் கீழே விழாது. குருவி பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்துத்தான் கழற்ற வேண்டும். தேய்த்த இடத்திலேயே விதை ஒட்டிக்கொள்ளும். சில நாளில் அதிலிருந்து ஒரு பச்சை முளை வளைந்து இறங்கி, நுனியைத் தட்டையாக்கிக்கொண்டு பட்டையோடு அழுந்தும். பிறகு பட்டையைத் துளைத்து உள்ளே போய், மரம் மேலே ஏற்றும் நீரையும் உப்புகளையும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். புல்லுருவிக்குச் சொந்தமாகப் பச்சை இலை உண்டு. தன் உணவை அதுவே சமைத்துக்கொள்வதால் தாவரவியலார் அதை அரை ஒட்டுண்ணி என்பார்கள். மரத்துக்கு இந்தப் பாகுபாட்டால் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை. புல்லுருவி பிடித்த இடத்துக்கு அப்பால் கிளை சூம்பும், காய்ப்பு குறையும். பல கிளைகளில் ஏறிவிட்டால் மரமே பட்டுப்போவதும் உண்டு.

பிலிகிரி ரங்கன் மலையின் நெல்லிமரங்களுக்கு இப்படித்தான் ஆனது.

இந்த மலை கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலம் காட்டை ஒட்டி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோத்துக்கொள்ளும் இடம். ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர். அடிவாரத்தில் முட்புதர், அதற்கு மேலே கோடையில் இலை உதிர்க்கும் காடு, உச்சியை நெருங்க நெருங்கச் சோலையும் புல்வெளியும். யானை, காட்டெருது, கடமான், புள்ளிமான், புலி எல்லாம் உண்டு. இவற்றோடு சேர்ந்தே அங்கு வாழ்ந்துவந்தவர்கள் சோளகர்கள். கர்நாடகத்தில் சோலிகர் என்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் தாளவாடி, ஆசனூர், பர்கூர் மலைகளிலும் இருக்கிறார்கள். 2004இல் வெளிவந்த ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவலைப் படித்தவர்களுக்கு, வீரப்பன் வேட்டைக் காலத்தில் இந்த மக்கள் பட்ட பாடு தெரிந்திருக்கும். அவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றித் தமிழில் ஓரளவு பேசியாகிவிட்டது. அவர்களுக்குத் தெரிந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை.

சோளகர் குடும்பங்களுக்குக் கையில் காசு வருவது காட்டுப் பொருட்களால். நெல்லிக்காய், தேன், கல்பாசி, சீயக்காய், மாகாளிக்கிழங்கு. 1990களில் எடுத்த கணக்குகளில், வீட்டு வருமானத்தில் ஏறக்குறைய பாதி இவற்றிலிருந்தே வந்தது. அவற்றில் பெரும்புள்ளி நெல்லி. மலையில் இரண்டு இன நெல்லிகள் உண்டு. ஒன்று நமக்கெல்லாம் தெரிந்த பெருநெல்லி. மற்றொன்று அடிவாரத்து வறண்ட புதர்க்காட்டில் வளர்வது. மழை ஓய்ந்து பனி இறங்கும் காலத்தில் சாக்கோடு ஏறி, பறித்து இறக்கி, பழங்குடிக் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போட்டு விற்பார்கள். அங்கிருந்து ஊறுகாய்க்கும் லேகியத்துக்கும் போகும்.

கமல் பாவா 1996இல் பெங்களூரில் தொடங்கிய ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனமும் மற்றப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்த மலையில் நெல்லியை ஆராயத் தொடங்கியபோது ஒரு கவலை இருந்தது. பெரிய மரங்கள் நிற்கின்றன, கன்றுகளைக் காணோம். இப்படிப் போனால் ஒரு தலைமுறையில் நெல்லி இல்லாமல் போகும். யார் காரணம்? சாக்கோடு வருபவர்மேல் சந்தேகம் விழுந்தது இயல்புதான். காய் முழுவதையும் மனிதன் எடுத்துக்கொண்டால் விதை எப்படி விழும்?

இந்தச் சந்தேகம் வெறும் தப்பெண்ணம் இல்லை. நெல்லியின் விதையைப் பரப்புவது மான்கள். உதிர்ந்த காயைப் புள்ளிமானும் கடமானும் கேளையாடும் அவசரமாக விழுங்கிவிட்டு, வேறிடத்தில் படுத்து அசைபோடும். அசைபோடும்போது கொட்டை பல்லுக்குத் தட்டுப்படும், துப்பிவிடும். மான் படுத்தெழுந்த இடங்களில் நெல்லிக்கொட்டைகள் சிறு குவியலாகக் கிடப்பது இதனால்தான். மானுக்குக் காய் கிடைக்காவிட்டால் கொட்டையும் ஊர் விட்டு ஊர் போகாது. போதாததற்கு, காய் பறிக்கக் கிளையையே வெட்டிச் சாய்க்கும் பழக்கமும் சிலரிடம் புகுந்திருந்தது. அப்படி வெட்டினால் அடுத்த ஆண்டுகளின் காய்ப்பு குறைகிறது என்று சின்ஹாவும் பாவாவும் 2002இல் எழுதிய கட்டுரை காட்டியது. புல்லுருவி பிடித்த மரத்திலும் காய்ப்பு குறைகிறது என்பதையும் அதே கட்டுரை காட்டியது.

புல்லுருவி ஏன் திடீரென்று இவ்வளவு பெருகியது என்ற கேள்விக்கு ஆய்வாளர்களின் கையில் பதில் இல்லை. சோளகர்களிடம் இருந்தது. காட்டில் நெருப்பு வைப்பதை நிறுத்தியதால் பெருகியது என்றார்கள். முன்பெல்லாம் ஆண்டுதோறும் தரையில் சருகு எரியும், அனலும் புகையும் மேலேறி நெல்லிக்கிளையில் இருக்கும் புல்லுருவியைக் கருக்கிவிடும். நெருப்பு நின்றது, புல்லுருவி ஏறியது. இவ்வளவுதான் அவர்கள் சொன்னது. லூசி ரிஸ்டும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் இதைப் பதிவுசெய்து, அறிவியல் கட்டுரைகள் சொல்வதோடு வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். நெல்லியைப் பற்றிய பல தகவல்களில் இரு தரப்பும் ஒத்துப்போயின. நெருப்பையும் புல்லுருவியையும் நெல்லியின் எதிர்காலத்தையும் ஒரே சங்கிலியில் கோத்துப் பார்த்தவர்கள் சோளகர்கள்.

சங்கிலி அறிவியலுக்குப் பொருந்துகிறதா? நெல்லி உயரமான மரம் அல்ல. தரையில் எரியும் நெருப்பின் அனல் அதன் தாழ்ந்த கிளைகளை எட்டும். இலையுதிர்காட்டு மரங்களுக்கு அனலைத் தாங்கும் பட்டை உண்டு, கருகினாலும் உள்ளிருந்து மீண்டும் துளிர்க்கும். கிளைமேல் வெளியே தொங்கும் புல்லுருவிக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகளிலும் அமெரிக்காவின் ஊசியிலைக் காடுகளிலும் புல்லுருவி இனங்களை இயற்கையாகக் கட்டுக்குள் வைப்பதில் நெருப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது பழைய செய்தி. நம் காட்டில் அதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். நெல்லி பறித்துப் பிழைப்பவர்கள் "பறிப்பதால் மரம் அழியவில்லை, வேறு காரணம்" என்றால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. அவர்களுக்கு அதில் ஆதாயம் இருக்கிறது. வனத்துறைக்கும் எதிர்த்திசையில் ஓர் ஆதாயம் உண்டு என்பது வேறு விஷயம். பழங்குடிகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கைகூப்புவதும், படிக்காதவர்கள் சொல்வதுதானே என்று ஒதுக்குவதும் எனக்கு ஒரே சோம்பேறித்தனத்தின் இரு முகங்களாகப் படுகின்றன. இரண்டிலும் யாரும் காட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை.

இந்த முறை போய்ப் பார்த்தார்கள். தமாரா டிக்டின், ஆர். கணேசன், எம். பரமேஷா, சித்தப்பா செட்டி ஆகியோர் 1999 முதல் 2009 வரை இரண்டு நெல்லி இனங்களின் மரங்களையும் கன்றுகளையும் தொடர்ந்து அளந்து வந்தார்கள். எந்த மரம் எவ்வளவு வளர்ந்தது, எது செத்தது, எதில் புல்லுருவி, எதைச் சுற்றிப் புதர், எங்கே பறிப்பு. 2012இல் முடிவு வெளியானது. இரண்டு இனங்களும் குறைந்துகொண்டிருந்தன. அதற்கு முதல் காரணங்கள் புல்லுருவியும், காட்டில் பரவிய உன்னிச்செடி என்ற அயல்நாட்டுப் புதரும். காய் பறிப்பதன் விளைவு அவற்றோடு ஒப்பிடச் சிறியது. பறிப்பதை அடியோடு நிறுத்தினாலும் சரிவு நிற்காது என்பதே கணக்கு காட்டிய சேதி.

புல்லுருவியை இதனால் வில்லனாக்கிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் டேவிட் வாட்சன் சில காட்டுத் துண்டுகளில் புல்லுருவியை முழுவதுமாக வெட்டி அகற்றிப் பார்த்தார். மூன்று ஆண்டுகளில் அந்தத் துண்டுகளில் காட்டையே நம்பி நிலையாக வாழும் பறவை இனங்கள் கால்பங்குக்கும் மேல் குறைந்துபோயின. பழம், தேன், கூடு கட்ட மறைவு, உதிரும் இலையால் மண்ணுக்கு உரம் என்று புல்லுருவி பலருக்குப் படியளக்கிறது. சோளகர்களின் நெருப்பும் அதை ஒழிக்கவில்லை. ஓரிடத்தில் கருகும், எரியாத இடத்தில் பிழைத்துக்கிடக்கும், பூக்கொத்தி மறுபடி கொண்டுவரும்.

அந்த நெருப்பை அவர்கள் 'தரகு பெங்கி' என்பார்கள். சருகுத்தீ. கோடை தொடங்கும் முன்பே, தை மாதவாக்கில் வைப்பது. அப்போது சருகு உதிரத் தொடங்கியிருக்கும், ஆனால் கனமாகச் சேர்ந்திருக்காது. புல்லின் மேல்பகுதி காய்ந்திருக்கும், அடித்தண்டில் ஈரம் இருக்கும். இரவில் பனி பெய்யும். இப்படிப்பட்ட நாளில் வைக்கும் தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழுவது அரிது. திட்டுத் திட்டாக எரிந்து, ஈரமான பள்ளத்தில் தானே அணையும். ஒரு பக்கம் எரிந்தது, ஒரு பக்கம் எரியாதது என்று காடு துண்டு துண்டாகக் கிடக்கும். எரிந்த இடத்தில் கொஞ்ச நாளில் இளம்புல் தளிர்க்கும், மான் வரும். உண்ணி குறையும். பாதை தெளிவாகும், எதிரே நிற்கும் யானை தூரத்திலேயே தெரியும். காட்டில் நடந்து பிழைப்பவருக்கு இந்தக் கடைசிப் பயன் சாதாரணமானதல்ல.

அதே காட்டில் பங்குனியிலோ சித்திரையிலோ தீப்பிடித்தால் கதை வேறு. சருகு தடித்திருக்கும், புல் வேர்வரை காய்ந்திருக்கும், காற்று அடிக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்ததை நாம் மறக்கவில்லை. காட்டுத்தீ என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அந்தப் படம்தான் வருகிறது. ஆனால் தீ என்ற ஒரே பெயரில் வழங்கும் இவ்விரண்டும் வெப்பத்தில், வேகத்தில், விளைவில் வெவ்வேறு நிகழ்ச்சிகள். தையில் கொஞ்சம் எரித்துவிட்டால் சித்திரையில் எரிய மிச்சம் இருக்காது.

இப்போது உன்னிச்செடிக்கு வருவோம். ஆரஞ்சும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் குட்டிக் குட்டிப் பூக்கொத்தோடு வேலியோரம் நிற்குமே, அதுதான். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். அதன் கருநீலப் பழத்தைக் கொண்டைக்குருவி தின்று எங்கும் விதைத்தது. இலையில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடு தொடாது, மானும் தவிர்க்கும். வெட்டினால் அடியிலிருந்து பத்துத் தண்டு கிளம்பும். இன்று இந்தியாவின் புலிக் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல், அதாவது சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் அது பரவியிருப்பதாக 2020இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

பிலிகிரி ரங்கன் மலையில் 1997இல் ஆய்வுக்காக அளந்த காட்டுத் துண்டுகளை பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் 2008இல் திரும்ப அளந்தார்கள். 1997இல் எண்ணிய தண்டுகளில் 20க்கு ஒன்று உன்னிச்செடி. 2008இல் 3க்கு ஒன்று. பதினோரு ஆண்டுகளில்! அதன் அடியில் வெளிச்சம் விழாது, புல் முளைக்காது, நெல்லிக் கன்றும் தலைதூக்காது. நெல்லிக்கன்றைத் தேடியவர்களுக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு விடை.

சுவையான முரண் இனிமேல்தான் வருகிறது. 2005இல் இதே ஹிரேமத்தும் சுந்தரமும் ஒரு கருதுகோளை முன்வைத்திருந்தார்கள். காட்டில் தீ வருவதால் உன்னிச்செடி பரவுகிறது. காய்ந்த உன்னிப்புதர் எரிபொருளாகி அடுத்த தீயைப் பெரிதாக்குகிறது. அந்தத் தீ மற்ற மரங்களைக் கொன்று உன்னிக்கு மேலும் இடம் விடுகிறது. தீயும் உன்னியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் சுழல். படிக்கும்போதே மனத்தில் ஒட்டிக்கொள்ளும் நல்ல கருதுகோள். சோளகர்கள் நேர் எதிராகச் சொன்னார்கள். தீ வைத்தவரை உன்னி அடங்கிக் கிடந்தது. ஆண்டுதோறும் எரியும் லேசான தீ அதன் கன்றையும் மண்மேல் கிடக்கும் விதையையும் அழித்துவந்தது. தீயை நிறுத்தியபின்தான் அது காட்டை மூடியது. தங்கள் கருதுகோளுக்கு எதிரான இந்தச் சாட்சியத்தை, அதை முன்வைத்தவர்களே சோளகர்களிடம் உட்கார்ந்து கேட்டு, 2012இல் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அறிவியல் மரியாதை என்று நான் நினைப்பது இதைத்தான்.

யார் சொன்னது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம், வெவ்வேறு காலத்துக்கு. உன்னி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கன்றாக இருக்கும்போது முழங்கால் உயரத் தீ அதைத் தின்றுவிடும். ஆளுயரப் புதராகக் காட்டை நிரப்பியபின் அதே தீக்குச்சியைக் கிழித்தால், புதர் ஏணியாகித் தீயை மரத்தின் தலைவரை ஏற்றும். மரம் சாகும். உன்னியோ அடிக்கட்டையிலிருந்து முதல் மழைக்கே துளிர்த்துவிடும். இதைச் சோளகர்களும் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். இப்போது போய் நெருப்பு வைத்தால் காடு போய்விடும், முதலில் உன்னியை வெட்டி எடுக்க வேண்டும் என்பார்கள். ஒரு முறை எந்த நிலையில் பலிக்கும், எந்த நிலையில் பலிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லும் அறிவை மூடப்பழக்கம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

தீயை நிறுத்தும் யோசனை பிலிகிரி ரங்கன் மலையில் பிறந்தது அல்ல. 1860களில் பிரிட்டிஷ் வனத்துறை உருவானபோதே தீத்தடுப்பு அதன் முதல் கடமைகளில் ஒன்றாக வந்துவிட்டது. ஐரோப்பிய வனவியல் பாடத்தில் தீ என்றால் எதிரி. காட்டை எரிக்கும் மலைவாசி குற்றவாளி. ஆனால் பர்மாவின் தேக்குக் காடுகளில் பல ஆண்டு தீயை வெற்றிகரமாகத் தடுத்தபின் பார்த்தால், மூங்கிலும் புதரும் அடைத்துக்கொண்டு தேக்குக் கன்றே எழும்பவில்லை. 1896இல் ஸ்லேடு என்ற வன அதிகாரி 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் பர்மாவில் தீத்தடுப்பு மிதமிஞ்சிவிட்டது என்றே தலைப்பிட்டு எழுதினார். பெரிய சர்ச்சை ஆனது. மலைவாசிகள் தலைமுறைகளாகச் செய்துவந்ததன் பயனை, அதை நிறுத்திவைத்த துறையின் அதிகாரியே மரத்தை எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பாடம் நூறாண்டு கழித்து நம் சரணாலயங்களுக்கு ஏனோ வந்துசேரவில்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் மலை சரணாலயமானது. சோளகர்களின் மாற்றிடப் பயிர்த்தொழில் நின்றது, வேட்டை நின்றது, சிதறிக் கிடந்த குடியிருப்புகளைச் சாலையோரங்களுக்கும் காட்டு விளிம்புக்கும் இடம்பெயர்த்தார்கள். தீ குற்றமானது. 2002இல் சட்டத்தில் செய்த திருத்தத்தின் பேரில், அடுத்த சில ஆண்டுகளில் விற்பனைக்காக நெல்லியும் தேனும் எடுப்பதும் தடையானது. வேட்டை நின்றதில் எனக்கு வருத்தம் இல்லை. மற்றவற்றில் காட்டுக்கு என்ன லாபம் என்று கேட்டால், மேலே சொன்ன கணக்குகளைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.

தடையால் போனது வருமானம் மட்டும் அல்ல என்பதற்குத் தேனைப் பார்க்கலாம். ஆங் சி என்ற மொழியியலாளர் சோளகர்களின் தேனீ அறிவைப் பதிவுசெய்திருக்கிறார். மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொட்டாத கொசுத்தேனீ என நான்கையும் தனித்தனிப் பெயரிட்டுப் பிரிப்பதோடு, எது எந்தப் பருவத்தில் எங்கே கூடு கட்டும், எப்போது கூட்டை விட்டுப் பறக்கும், எந்தப் பூவில் எந்தத் தேன் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மலைத்தேனீ பூவைத் தொடர்ந்து இடம்பெயர்வது. ஆகவே தேன் எடுப்பவருக்கு எந்த மரம் எந்த வாரம் பூக்கும், இந்த ஆண்டு முந்தியதா பிந்தியதா என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். காட்டின் பருவநாட்குறிப்பு அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். தேனடையை இறக்கும்போது புலியால் மரம் ஏற முடியாது என்பதற்காக அதன் பங்கைத் தரையில் வைத்துவரும் வழக்கமும் உண்டு. அதை உயிரியல் என்று சொல்ல மாட்டேன். காட்டில் வேறு பங்காளிகளும் இருக்கிறார்கள் என்ற நினைப்பு. தேன் எடுக்கக் கூடாது என்றதும் அடுத்த தலைமுறைப் பையன் காட்டுக்குள் போக மாட்டான். போகாதவனுக்கு எந்த மரம் எப்போது பூக்கிறது என்று எப்படித் தெரியும்? தாத்தாவின் நாட்குறிப்பு அவரோடு மூடிவிடும். ஒலிப்பதிவு செய்து காப்பகத்தில் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் பருவம் ஆண்டுக்காண்டு மாறும்போது பதிவு தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது.

சோளகர் சமூகத்தில் பிறந்து ஆய்வாளரான சி. மாதேகௌடா 2009இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரையின் பொருள் இதுவே: தம் மக்களின் பாரம்பரிய அறிவும் காட்டின் பாதுகாப்பும். கட்டுரைக்குப் பின்னால் ஓர் உரிமைக் கோரிக்கையும் ஓடிக்கொண்டிருந்தது. 2006இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகள் தம் உரிமையைக் கோரின. உரிமை கோர வேண்டுமானால் எல்லை காட்ட வேண்டும். சோளகர்களுக்கு எல்லை என்பது குலத்துக்குக் குலம் வேறு. ஒவ்வொரு குலத்தின் எல்லைக்குள்ளும் ஒரு தெய்வம், ஒரு மாரம்மா, ஒரு வீரன், முன்னோர் கல், ஒரு நீரூற்று இருக்கும். முதியவர்கள் முன்னே நடக்க, ஏட்ரீ ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவியோடு பின்னே நடந்து, இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான இடங்களை வரைபடத்தில் குறித்தார்கள். பார்கவி ஓடைக்கரையில் நிற்கும் 'தொட்ட சம்பிகெ' என்ற மாபெரும் சண்பக மரமும் அதில் ஒன்று. வனத்துறை வரைபடத்தில் வெறும் பச்சையாக இருந்த இடமெல்லாம் பெயர்களால் நிரம்பியது.

2011 ஜனவரியில் மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் 25 குடியிருப்புகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. ஒரு புலிகள் காப்பகத்தின் மையப் பகுதிக்குள் இந்த உரிமையை இந்தியாவில் முதலில் பெற்றவர்கள் இவர்கள். அரசின் கணக்குப்படி அங்கே 2010இல் 35 ஆக இருந்த புலிகள் 2014இல் 68 ஆயின. இதைக் காட்டி "பழங்குடிகள் இருந்ததால்தான் புலி பெருகியது" என்று சிலர் பிரசாரம் செய்கிறார்கள். அந்தளவுக்கு நான் போக மாட்டேன். காமிரா வைத்து எண்ணும் முறை மேம்பட்டிருக்கலாம், பக்கத்துக் காட்டுப் புலிகள் வந்திருக்கலாம். மனிதர்கள் உள்ளே இருந்தால் புலி பெருகாது என்ற வாதத்துக்கு இந்த எண் இடம் தரவில்லை. அவ்வளவு சொன்னால் போதும்.

தீயைப் பற்றி வேறு நாடுகள் யோசித்த விதம் வேறு. வட ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னெம் நிலப்பகுதியில் பழங்குடிகள் வறண்ட பருவத்தின் தொடக்கத்தில் திட்டுத் திட்டாகப் புல்லை எரிப்பது நெடுங்கால வழக்கம். அவர்கள் மிஷன் குடியிருப்புகளுக்கு நகர்ந்த பின் நிலம் காலியாகி, வறண்ட பருவத்தின் கடைசியில் கட்டுக்கடங்காத தீ வர ஆரம்பித்தது. 2006இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 28,000 சதுர கிலோமீட்டரில் பழங்குடிக் காவலர்கள் பழைய முறையில் வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே தீ வைப்பார்கள். அதனால் பெருந்தீ குறைந்து மிச்சமாகும் கரியுமிழ்வுக்கு டார்வினில் எரிவாயு ஆலை நடத்தும் நிறுவனம் ஆண்டுதோறும் பணம் தரும். 17 ஆண்டுக்கான ஒப்பந்தம். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் மிச்சம் என்பது இலக்கு. பல ஆண்டுகளில் அதைத் தாண்டினார்கள். அங்கே தீக்குச்சி சம்பளம் தரும் கருவி. அதே நாட்டில் பருந்துகள் எரியும் குச்சியைத் தூக்கிப் போய்ப் புது இடத்தில் போட்டு, தப்பியோடும் பூச்சிகளையும் ஓணான்களையும் பிடிக்கின்றன என்று பழங்குடிகள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். 2017இல்தான் பல சாட்சியங்களைத் திரட்டி ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரு பறவை நம் ஊர்க் குப்பைமேட்டில் வட்டமிடும் அதே கரும்பருந்து.

நம் பக்கத்தில் இப்போது உன்னிச்செடியைக் காசாக்கும் முயற்சி ஒன்று நடக்கிறது. தண்டை வெட்டி, வேகவைத்து, பட்டையை உரித்தால் பிரம்பு போல வளையும். மாதேஸ்வரன் மலையில் சோளகர்களும் மற்றவர்களும் அதில் நாற்காலி, மேஜை பின்னக் கற்றார்கள். கூடலூரில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் உன்னித்தண்டால் அசல் அளவு யானைகள் செய்கிறார்கள். 2021இல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. ஒவ்வொரு யானையும் ஒரு குறிப்பிட்ட காட்டு யானையைப் பார்த்துச் செய்தது. அழகான வேலை. ஆனால் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டரை யானை செய்து தீர்க்க முடியாது. வெட்டிய இடத்தில் அடுத்த ஆண்டு முளைக்கும் கன்றை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த இடத்தில்தான் சருகுத்தீயின் பேச்சு மறுபடி எழ வேண்டும்: வெட்டி, வேரோடு பிடுங்கி, புல் பிடித்தபின், தையில், சிறிய துண்டில், அளந்து பார்த்து.

பேச்சு எழுந்தால் சட்டம் குறுக்கே வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ வைப்பதைத் தடைசெய்கிறது. வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தாம் வழிவழியாகக் காத்துவந்த காட்டைப் பாதுகாக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. நிர்வகிப்பது என்பதில் தையில் வைக்கும் தீ சேருமா சேராதா என்பதற்கு இரண்டு சட்டத்திலும் வரி இல்லை. இதற்கிடையே, ஆண்டுதோறும் கோடைக்கு முன்பு வனத்துறையே காட்டுக்குள் தீத்தடுப்புக் கோடு போடுகிறது. சாலையோரமும் எல்லையிலும் பட்டையாகப் புல்லை அறுத்து, ஈரம் இருக்கும்போதே எரித்துவிடுவது. தீ எப்படி ஓடும் என்று தெரிந்தவர்கள் அந்த வேலைக்குத் தேவை. அதனால் பழங்குடி இளைஞர்களைத்தான் தீக்காவலர்களாகத் தினக்கூலிக்கு எடுக்கிறார்கள். கோட்டுக்குள் அவர் வைக்கும் தீக்குச் சம்பளம். அதே ஆள், அதே மாதம், கோட்டைத் தாண்டி நெல்லிமரத்தடிச் சருகில் வைத்தால் வழக்கு.